எடித் அக்கா வார்த்த தண்ணீர்

"செத்துப் பிறந்த பிள்ளையளுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறாவாம். இனிக் கோயில் பக்கம் வரவேண்டாம் எண்டு பாதர் சொல்லிப்போட்டாராம்."

ஒஸ்லோவில், ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்தில், பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் சிநேகிதி ரஜிதா இதைச் சொன்னாள். அவளுக்குச் சொன்னது லண்டனில் இருக்கும் மச்சாள். மச்சாளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஊரே கதைக்குது" என்றாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளைத்தாச்சியள் அவவின்ட முகத்தில முழிக்கிறேல்லையாம். அவ படலையைத் திறந்தா அந்த வீட்டுத் தொட்டில் வெறுமையாப் போகுமாம். நீ அங்க போய் அவவின்ட வீட்டிலயே தங்கப்போறியோ?"

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு எடித் அக்காவுடையது. ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவர். என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளும் அவர் கையால் தைத்தவைதான். சேமக்காலையில் அம்மாவின் கல்லறை வெடித்துப் போயிருந்தது. அதைத் திருத்துவதற்காக நான் ஊருக்குப் போக இருந்தேன். எங்கள் வீடு கூரையில்லாமல் கிடந்ததால் எடித் அக்காவின் முன்னறையைக் கேட்டு வைத்திருந்தேன். ரஜிதா சொன்னதைக் கேட்டபின் மன்னார் ரவுணில் ஒரு விடுதிக்கும் எழுதிப் போட்டேன். இரண்டு இடத்திலும் இடம் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முன்னறை புதிதாக வெள்ளையடித்திருந்தது. கூரை வளையில் தொட்டில் கட்டுவதற்கு ஒரு கொளுக்கி. மூலையில் பிரிக்காத புதுப்பாய்.

"நிறஞ்சலாவுக்கெண்டு அடிச்சது" என்றார் எடித் அக்கா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "அவள் வரும்வரைக்கும் நீங்கள் இருங்கோ தங்கச்சி. வந்தாலும் இருங்கோ. அவள் என்னோட படுப்பாள்."

நிறஞ்சலா அவருடைய ஒரே மகள். அடம்பனில் மில்ரன் என்பவரைக் கட்டியிருந்தாள். கணவர் பேதுரு இறந்தபின் எடித் அக்கா தனியாகத்தான் இருக்கிறார். தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில் என்பது எங்கள் வழமை. ஏழாம் மாதத்திலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நிறஞ்சலாவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் வரவில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததாலோ என்னவோ, ஒருநாள் பின்னேரம் தையல் மெசினை மிதித்தபடி அவராகவே சொன்னார்.

"சம்மந்தி மறிக்கிறா. அந்தோனியம்மா. நான் அந்த வீடுகளுக்குப் போறதால தாயும் பிள்ளையும் இஞ்ச வரப்படாதாம். 'உங்கட அம்மா அந்த வேலையை விடட்டும், நான் ஏன் மறிக்கப்போறன்' எண்டு மகளிட்டச் சொல்லியிருக்கிறா. சரி எண்டு சொல்லிப்போட்டன். பிள்ளை பிறக்கும்வரைக்கும் ஒரு வீட்டுக்கும் போகமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திருக்கிறன். வாற ஞாயிறு பூசை முடிய மில்ரன் கூட்டிக்கொண்டு வருவான்."

"அந்த வேலை எண்டா?" என்று கேட்டேன்.

அவர் மெசினை நிறுத்தினார். வெளியே காற்றாலைகள் சுற்றும் சத்தம் கேட்டது. தீவில் இருப்பவர்களுக்கு இப்போது அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை. எனக்கு மட்டும் இரவெல்லாம் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது.

அது தொடங்கியது ஒரு சட்டையில். ஊரிலேயே ஒரு வீட்டில், மாதம் நிறைந்த பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. புதைப்பதற்குச் சின்னதாக ஒரு சட்டை வேண்டும் என்று வந்து கேட்டார்கள். தைத்துக் கொண்டுபோனார். சட்டையைப் போட்டுவிட அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

"ஆக்கள் இருந்தவை. எல்லாரும் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவை" என்றார். "நான்தான் போட்டன். தலைமயிர் எல்லாம் ஒட்டிக் கிடந்தது. சுடுதண்ணி கேட்டு வாங்கிக் கழுவிவிட்டன். அப்பத் தாய்க்காரி உள்ளுக்குள்ள இருந்து கேக்கிறாள், 'மயிர் கறுப்போ அக்கா?' எண்டு. அவளுக்கு ஒருத்தரும் காட்டேல்லை. பத்து மாதம் சுமந்தவள் மயிர் என்ன நிறம் எண்டு என்னட்டக் கேக்கிறாள். தூக்கிக்கொண்டுபோய் மடியில வைச்சன். அவ்வளவுதான் நான் செய்தது."

அதன் பிறகு இப்படி நடக்கும் வீடுகளிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. பேசாலை, கீரி, தாழ்வுபாடு, சிலவேளை கடல் தாண்டிப் பெருநிலப் பக்கமிருந்தும். போவார். குளிப்பாட்டுவார். உடுப்புப் போடுவார். என்ன பேர் நினைத்திருந்தீர்கள் என்று கேட்டு அந்தப் பேரால் கூப்பிடுவார். தாயிடமும் தகப்பனிடமும் கொடுப்பார். பிறகு, பால் கட்டும் நாளில் இன்னொரு தரம் போவார். பிள்ளை இல்லாவிட்டாலும் பால் வரும் என்பதை அந்தப் பெண்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒன்று நடந்ததோ என்று கேட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்பார்களாம்.

"இல்லை. எனக்கு ஒண்டுதான், அது சுகமாப் பிறந்தது. நடந்திருந்தாத்தான் போகவேணுமோ?"

அப்படியானால் ஞானஸ்நானக் கதை? அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையின் தலையில் தண்ணீர் விழுகிறது, எடித் அக்காவின் வாய் எதையோ முணுமுணுக்கிறது. கத்தோலிக்கச் சனத்துக்கு வேறென்ன தோன்றும்? இறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. கொடுத்தால் பாவம். கதை கோயில்வரைக்கும் போய், பங்குத் தந்தை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாராம்.

"'என்ன செபம் சொன்னனீங்கள்?' எண்டு கேட்டார். 'செபம் ஒண்டும் சொல்லேல்லைப் பாதர். கண்ணுக்குள்ள போகாது, கண்ணுக்குள்ள போகாது எண்டு சொன்னனான்' எண்டன். பிள்ளையளுக்குத் தலைக்கு வாக்கேக்க எல்லாரும் சொல்லுறதுதானே தங்கச்சி? வாயில பழகிப்போச்சு. பாதர் நம்பாத மாதிரி நிக்கிறார். 'ஞானஸ்நானத்துக்கு ஷாம்பு போடுறவையோ பாதர்? நான் ஷாம்பு போட்டனான்' எண்டன். சிரிச்சுப்போட்டார் மனுசன். பிறகு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்."

"கோயிலுக்கு வரவேண்டாம் எண்டு சொன்னவரோ?"

"ஆர் சொன்னது? கதவைச் சாத்திப்போட்டுச் செய்யுங்கோ, சனம் கதைக்கும் எண்டார். சாத்தினன். அதுக்குப் பிறகு 'கதவைச் சாத்திப்போட்டு என்னவோ செய்யிறா' எண்டு கதை."

அன்றைக்கே விடுதிக்கு அறிவித்து அறையை விட்டுவிட்டேன்.

அவருடைய வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதைக் கவனிக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. தைக்கிற துணியைப் படலையில் கொழுவிவிட்டுத் தொலைபேசியில் அளவு சொன்னார்கள். கோயிலில் அவர் இருக்கும் மர வாங்கில் இடம் தாராளமாக இருந்தது. ஒருநாள் பேசாலைச் சந்தையில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எங்களைக் கண்டதும் மீன் வாங்காமலே திரும்பிப் போனாள். எடித் அக்கா காய்ச்சிய கஞ்சியைக் குடித்தவளாம், அவர் தோளில் ஒரு பகல் முழுக்கச் சாய்ந்து கிடந்தவளாம்.

"இது அவளின்ட ரண்டாவது" என்றார். "என்னைக் கண்டா முதல் பிள்ளையின்ட நாள் ஞாபகம் வரும்தானே. அதால நானும் காணாத மாதிரி நிக்கிறது. அவளுக்கும் சுகம், எனக்கும் சுகம்."

எனக்குச் சுகம் என்று சொன்னபோது அவர் நண்டுக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நண்டு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வந்த வியாழன், ஒரு இளைஞன் படலைக்கு வெளியே வந்து நின்றான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றான். பேர் டிலோஜன். கீரியில் கடல் தொழில். அவனுடைய மனைவி கிருஷிகாவை அன்று காலைதான் ஆசுபத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"இப்ப நான் போறேல்லைத் தம்பி" என்றார் எடித் அக்கா. "மகள் வரப்போறாள். வாக்குக் குடுத்திட்டன்."

"உங்களை வரச்சொல்லி வரேல்லை அக்கா. ஒரு சட்டை வேணும். வாங்கி வைச்ச சட்டையெல்லாம் பெரிசு."

எடித் அக்கா அவனைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினார். மகளின் பிள்ளைக்கென்று வைத்திருந்த வெள்ளை வொயில் துணியிலிருந்து வெட்டினார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெசின் கொஞ்ச நேரம்தான் ஓடியது. அவன் சட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முன்பக்கம் எது அக்கா?"

"கட்டுற நாடா பின்னுக்கு வரும்."

"கையை எப்பிடி உள்ளுக்க விடுறது? மடங்குமோ?"

எடித் அக்கா எழும்பினார். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மெசினில் போட்டார். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, நீங்களும் வாங்கோ. துவாய் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் படலையைத் தாண்டியிருந்தார்.

கீரியில் டிலோஜனின் வீடு நிறையப் பெண்கள். எங்களைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். அதை மரியாதை என்று சொல்ல முடியாது. டிலோஜனின் தாய் நடு அறைக் கதவை மறித்து நின்றார்.

"சட்டையைப் போட்டுக் குடுத்தாச் சரி. தாய்க்குக் காட்டப்படாது. பாத்தா மனசில நிண்டிடும். அடுத்ததுக்குக் கூடாது."

"நிக்கட்டும் அக்கா. அவளிட்ட நிக்கிறதுக்கு வேற என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே எடித் அக்கா அவரைக் கடந்துபோனார். "தம்பி, பிள்ளையின்ட பேர் என்ன?"

"பேர் வைக்கேல்லை" என்றார் தாய்.

"வைச்சனாங்கள்" என்றான் டிலோஜன். "ஜெவீனா."

"டேய், அதை அடுத்ததுக்கு வைப்பம் எண்டெல்லே கதைச்சனாங்கள்? எண் பாத்து எடுத்த பேர். அதைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள போடப்போறியோ?"

"அக்கா, உங்களுக்கு ரண்டாவது பெடியன் பிறந்தால் அவனுக்கும் டிலோஜன் எண்டே வைச்சிருப்பியளோ?" என்று கேட்டார் எடித் அக்கா.

பின்னால் யாரோ ஒரு பெண் "அதுதானே" என்றாள். தாய் அவளைத் திரும்பி முறைத்தார். ஆனால் கதவை விட்டு விலகிவிட்டார்.

கதவைச் சாத்தினோம். அறைக்குள் நாங்கள் மூன்று பேர், மேசையில் பிள்ளை. நான் வாழும் நாட்டில் இதற்கென்று ஆசுபத்திரியில் தனி அறையும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டு என்று படித்திருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு துவாயை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தபோது, நித்திரை கொள்ளும் ஒரு பெண்பிள்ளையாக இருந்தது. உதடு மட்டும் கறுத்திருந்தது.

"நான் பிடிக்கிறன். நீங்கள் ஊத்துங்கோ" என்று செம்பை டிலோஜனிடம் கொடுத்தார்.

"நானோ?"

"தகப்பன் நீங்கள்தானே?"

அவன் செம்பைச் சரித்தான். தண்ணீர் நெற்றியால் வழிந்தது. "கண்ணுக்குள்ள போகுது அக்கா" என்றான் பதறி. "கண்ணுக்குள்ள போகுது."

"போகாது தம்பி. கையைக் கொஞ்சம் மேல பிடியுங்கோ. போகாது, போகாது. ஜெவீனாக் குட்டி, அப்பா வாக்கிறார். கண்ணுக்குள்ள போகாது."

அதன்பிறகு அவனும் அதையே சொல்லிக்கொண்டு வார்த்தான். தண்ணீர் முடிந்த பின்னும் செம்பைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டு நின்றான்.

சட்டையை அவனே போட்டான். கை மடங்கவில்லை. எடித் அக்கா சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். பிறகு அவனே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த அறையில் கிடந்த கிருஷிகாவிடம் கொடுத்தான். அவள் அழவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். காதைத் தடவினாள். வாசலில் நின்ற மாமியைப் பார்த்து, "மாமி, இது உங்கட காது" என்றாள்.

டிலோஜனின் தாய் ஓடிவந்து கட்டிலடியில் இருந்துவிட்டார். அவர் அழுத சத்தம்தான் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் அழுகை.

ஆண்கள் பெட்டியைச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே வந்தோம். இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. எடித் அக்கா ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார். எவரும் அவரை வழியனுப்பவும் இல்லை. இப்படித்தான் எத்தனை வீடுகளிலிருந்து இறங்கியிருப்பார் என்று நினைத்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் அடம்பனுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். பால் கட்டும் நாள் சனிக்கிழமை வந்தது. மல்லிகைப் பூவைக் கசக்கி நெஞ்சில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் பால் வற்றும் என்பது எடித் அக்காவின் கைவைத்தியம். பூப் பொட்டலத்தோடு பஸ்ஸில் ஏறினோம். முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். மில்ரனின் சின்னம்மா.

"என்ன எடித், பூவும் கையுமா? கலியாணமோ?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் முழங்கையால் இடித்தும் பார்த்தேன்.

"இல்லை, கீரியில ஒரு பிள்ளைக்குப் பால் கட்டிப்போச்சு" என்றார்.

சின்னம்மா திரும்பி நேராக இருந்துகொண்டார். இறங்கும்வரை அவருடைய கழுத்து அசையவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் எடித் அக்கா இறால் உடைக்க இருந்தார். நிறஞ்சலாவுக்குப் பிடித்த கறி. தொலைபேசி அடித்தது. கை முழுக்க இறால் என்பதால் சத்தமாகப் போடச் சொன்னார். போட்டுவிட்டு எழும்பப் பார்த்தேன், இருக்கச் சொல்லித் தலையசைத்தார்.

"அம்மா, கீரிக்குப் போனனீங்களோ?"

"ஓம்."

"ரண்டு தரமோ?"

"ஓம் பிள்ளை."

நிறஞ்சலாவின் பக்கம் ஒரு சேவல் கூவியது.

"மாமியோட நான் கதைக்கிறன்" என்றார் எடித் அக்கா. "கால்ல விழச் சொன்னாலும் விழுறன். குடு அவவிட்ட."

"மாமி இல்லையம்மா."

"பிறகு எப்ப வருவா?"

"அதில்லை. மறிக்கிறது மாமி இல்லையம்மா. நான்தான். எனக்குத்தான் பயமாக்கிடக்கு. மாமியின்ட பேரைச் சொல்லிக்கொண்டு இருந்தனான். நேற்று ராத்திரி பிள்ளை கொஞ்ச நேரம் துடிக்கேல்லை. உங்கட கைதான் நினைவு வந்தது. பிழையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பயமாக்கிடக்கு அம்மா."

எடித் அக்கா ஒரு இறாலை உடைத்து முடித்தார். "இப்ப துடிக்குதோ?"

"ஓம். இப்ப நல்லாத் துடிக்குது."

"அப்ப சரி. நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லை."

"சாப்பிடு பிள்ளை. வெறும் வயித்தோட இராதை."

அவள் தொலைபேசியை வைத்த பின் எடித் அக்கா இறாலைக் கழுவிக் கறியாக்கினார். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

"பிள்ளைத்தாச்சி பயப்பிடத்தானே வேணும்" என்றார் கடைசியில். "பயமில்லாட்டித்தான் பிழை. ஆனா தங்கச்சி, அந்தப் பெடியன் சட்டையை வைச்சுக்கொண்டு முன்பக்கம் எது எண்டு கேட்டவன். நான் என்னண்டு வீட்டில இருக்கிறது?"

அதற்குப் பிறகு அவர் மகளை அழைக்கவில்லை. அழைத்தால் பயப்படுவாள் என்றார். அவள் அழைப்பாள் என்று கோயிலுக்கும் கிணற்றடிக்கும் தொலைபேசியைக் கொண்டு திரிந்தார். அந்தக் கிழமைகளில் வேறு ஒருவரும் கூப்பிடவில்லை. கீரியிலிருந்தும் இல்லை. கல்லறை வேலை முடிந்தது. நான் திரும்புவதற்கு முதல்நாள், துணி வியாபாரம் செய்யும் றம்லா பெரிய பொட்டலத்தோடு படலைக்கு வந்தார்.

"என்ன எடித், நீங்க இஞ்சயா இருக்கிறீங்க? மகளை நேத்தே ஆசுபத்திரியில சேத்துட்டாங்களே. வாசல்ல மருமகனைக் கண்டனே. நீங்க உள்ளுக்க நிக்கிறீங்க எண்டெல்லோ நினைச்சன்."

எடித் அக்கா றம்லாவை உள்ளே வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் சேலையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

நிறஞ்சலாவுக்கு எடுத்தார். மணி போய், தானாக நின்றது. மில்ரனுக்கு எடுத்தார். அதுவும் நின்றது.

"பொறுங்கோ அக்கா, நான் ஓட்டோ பிடிக்கிறன். போவம்" என்றேன்.

"கேட்காமல் போகேலாது" என்றார். "அவள் வரச்சொல்லட்டும். வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும், நடந்தெண்டாலும் போவன்."

"எடுக்காமல் இருக்கினம். என்னவாவது..."

"கை நிறைய வேலையா இருக்கும்." சட்டென்று குறுக்கிட்டார். "பிள்ளையைத் துடைச்சு, சுத்தி, எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நிப்பினம். அந்த நேரம் ஆர் போனைப் பாக்கிறது?"

றம்லா பொட்டலத்தை இறக்கிவைத்துவிட்டுப் படலையிலேயே நின்றார். எடித் அக்கா திரும்பவும் மகளின் இலக்கத்தை அழுத்தித் தொலைபேசியைக் காதோடு வைத்தார். இந்தத் தரம் சத்தமாகப் போடவில்லை. ஆனாலும் அவர் காதுக்குள் மணி போவது எனக்குக் கேட்டது. போய்க்கொண்டே இருந்தது.